கதவுக்காரர் வீட்டுப் பின்னறை

தெருவில் அவளை ரேடியோ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை யார் வைத்தது என்று தெரியாது. யார் வைத்திருந்தாலும் அவருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. காலையிலிருந்து நின்றுகொண்டே தேய்ப்பாள், தேய்த்துக்கொண்டே பேசுவாள். விரிப்பு மடிந்து அடுக்கில் போகும்போது அதோடு ஒரு கதையும் முடிந்திருக்கும்.

அவள் கணவர் நேர் எதிர். கதவு செய்கிறவர், அதனால் கதவுக்காரர். கேட்டதற்கு ஒரு 'ம்' சொல்வார், விடாமல் கேட்டால் இரண்டு 'ம்' சொல்வார். கல்லுளிமங்கன் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது இவரைப் பார்த்துவிட்டுத்தான் உண்டானது என்று அவள் சலவைப் பிரிவில் சொல்லுவாள். ஆனால் அந்த மனிதர் மாட்டிய கதவை ஒரு விரலால் தள்ளினால் போதும், சத்தம் போடாமல் போய் நிலையில் உட்காரும். அதையும் அவளேதான் சொல்லுவாள், கொஞ்சம் பெருமையாக.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் அவள் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடப் போனாள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்த கால் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள் போய்விட்டது. மேலே புல் இருந்தது, ஈரம் இருந்தது, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. அடியில்தான் ஒன்றும் இல்லை. ஈரத்துணி வாளியோடு சரிந்ததில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது.

"எலிப் பொந்து" என்றார் கணவர்.

எலி என்றால் அது நாய் அளவு எலியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வலியில் கிடந்தவளுக்கு வாதாடத் தெம்பில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அவர் குழியில் செங்கல் உடைசலைக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மிதித்துச் சமன் செய்திருந்தார்.

அவளைப் பின்னறையில் படுக்க வைத்தார்கள். முன்னறை முழுக்கப் பலகையும் இழைப்பு மேசையும். பின்னறையை ஒட்டித்தான் குளியலறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அந்த ஜன்னலுக்குத் திருடனுக்குப் பயந்து கணவர் பதித்த இரும்புக் கம்பிகள், ஒரு கதவு. இவ்வளவுதான் அவள் உலகம். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று டாக்டர் கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். நாளெல்லாம் நின்று பழகியவளுக்குப் படுக்கை முள்ளாய்க் குத்தியது. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிற பிழைப்பாகிப் போனது. காய்கறியை மடியில் வைத்து நறுக்குவாள், பெற்ற ஒரே பெண்ணோடு போனில் பேசுவாள், மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்ப்பாள். அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேறு யாரும் ஒரு சுவரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் கதவு. சாத்தும்போது மேல் மூலையில் உரசியது.

"என்னங்க, கதவு பிடிக்குது."

"மழையில்ல? மரம் உப்பியிருக்கும்."

இழைப்புளியை எடுத்து வந்து மேல் விளிம்பை இழைத்தார். சுருள் சுருளாக விழுந்தது. அறையெல்லாம் மர வாசனை. அவளுக்கு அது பிடித்திருந்தது, அதை ஒளிப்பானேன். அன்று கதவு ஒழுங்காகச் சாத்தியது. அடுத்த வாரம் திரும்பவும் பிடித்தது. திரும்பவும் இழைத்தார்.

அப்புறம் ஜன்னல். அதன் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கூரையை நோக்கி ஏறியது. நேராக ஏறவில்லை, செங்கல் செங்கலாகப் படிக்கட்டு மாதிரி ஏறியது. "பூச்சு காயும்போது வெடிக்கும்" என்று பட்டி வைத்து, வெள்ளையடித்து மறைத்தார். சில நாளில் அதே இடத்தில், முன்னைவிட அகலமாக வந்தது. ஊன்றுகோலில் எழுந்து நின்று விரிசலுக்குள் அவள் ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தாள், நின்றது.

ஜன்னல் வழியாகக் கொல்லை தெரியும். கொடிக்கம்பம் சாய்ந்து, காயப்போட்ட துண்டின் நுனி தரையைக் கூட்டியது. அவர் கொட்டிய உடைசல் இருந்த இடம் பள்ளமாகி, அதைச் சுற்றிப் புல் வட்டமாகப் பழுத்திருந்தது. கடைசி மழை பெய்தபோது அந்த வட்டத்தில் தண்ணீர் குளம்போல நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. வடிந்து ஓட அங்கே வழியே கிடையாது, எங்கே போயிற்று? குழாயைத் திறந்தால் சில நாள் கலங்கலாக வந்தது, டீத் தண்ணீர் நிறத்தில்.

கணவரிடம் ஒவ்வொன்றையும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கம்பம் துருப்பிடித்தது, புல் வெயிலுக்குக் காய்ந்தது, தொட்டி கழுவாதது. பெண்ணிடம் சொன்னால், "சும்மாவே படுத்திருக்கேல்லம்மா, அதான் எதைப் பார்த்தாலும் ஏதோ தோணுது" என்றாள். இதுதான் நிறையப் பேசுகிறவர்களுக்கு நேர்கிற கதி. ரேடியோவில் மழை வரும் என்றுகூடத்தான் சொல்கிறார்கள், கேட்டுவிட்டு எழுந்து குடையை எடுக்கிறவர் யார்? அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபத்தில் எழுந்து விறுவிறுவென்று வெளியே போகக்கூட முடியாத கோபம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது.

ஒருநாள் போனில் தேடினாள். மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடி ஓடி, மண்ணை அரித்துக்கொண்டு போய், மேலே வீடு நிற்க அடியில் வெறும் பொந்தாகிவிடுகிற இடங்களின் படங்கள் வந்தன. வட்டமாகப் பழுத்த புல், சாய்ந்த கம்பம், படிக்கட்டு விரிசல், சாத்தாத கதவு. கடைசிப் படத்தில் தெரு நடுவே ஒரு பெரிய வட்டக் குழி, அதன் விளிம்பில் பாதி வீடு. போனைக் கவிழ்த்து வைத்தாள். தான் படுத்திருக்கிற கட்டிலுக்கு அடியில் எவ்வளவு மண் இருக்கிறது என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது, பிறகு போகவே இல்லை. தும்மினால்கூடப் பயமாக இருந்தது.

அப்போது நல்ல வெயில்காலம். தார் ரோடு இளகுகிற வெயில். கதவு மறுபடியும் பிடித்தது. இப்போதெல்லாம் இன்னொரு கூத்தும் சேர்ந்திருந்தது: திறந்து வைத்த கதவு, காற்றே இல்லாதபோதும், தானாக நகர்ந்து வந்து சாத்திக்கொண்டது. அவர் இழைப்புளியோடு வந்தார்.

"நிறுத்துங்க. மழை போயி எத்தனை நாளாச்சு? ஊரெல்லாம் காய்ஞ்சு கிடக்கு, நம்ம கதவு மட்டும் இன்னும் ஊறுதா?"

அவர் இழைப்புளியை மேல் விளிம்பில் வைத்தார்.

"மரம் உப்பினா ஒரே சீரா உப்பும்னு நீங்கதானே சொல்லுவீங்க? இது ஒரு மூலையில மட்டும் பிடிக்குது. நீங்க இழைச்சு இழைச்சு அந்த மூலை எப்படியிருக்குன்னு பாருங்க. கதவு கோணலா இருக்கு. கதவு கோணலா, நிலை கோணலா? ஊரான் வீட்ல ரசமட்டம் வைக்காம ஒரு நிலையை நிறுத்துவீங்களா? அதை எடுத்து வந்து இங்க ஒரே ஒரு தடவை வைங்க."

கோணலைக் காட்டிக்கொடுக்கிற ரசமட்டம் முன்னறையில் அவர் பைக்குள்தான் இருந்தது. எழுந்து போய் எடுத்து வர ஒரு நிமிஷம் ஆகாது. அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வெச்சா தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே."

"தெரிஞ்சா இங்க இருக்க முடியாது. எங்க போறது, சொல்லு."

"என் தம்பி வீடு இருக்கு."

"எத்தனை நாளைக்கு? கல்யாணமானதுலேருந்து எத்தனை வீடு மாறினோம். ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கணும்னாகூட வீட்டுக்காரர்கிட்ட போய் நிக்கணும். நான் கதவு செய்யறவன், எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இல்லாம பாதி வயசு போச்சு. இந்த வீட்லதான் யாரையும் கேக்காம ஆணி அடிச்சேன். இதையும் விட்டுட்டு வான்னா..."

அத்தனை வார்த்தைகளை அவர் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. பக்கத்துச் சுவரில் தான் அடித்த ஆணியைத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பரிதாபமாகிவிட்டது. அந்தப் பரிதாபம்தான் வினையாகப் போனது. மாவுக்கட்டு காலைத்தான் கட்டியிருந்தது, பரிதாபம் வாயையும் கட்டிவிட்டது. வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவள் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"என்னை முன்னறைக்காவது மாத்துங்க" என்று மட்டும் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பலகையெல்லாம் ஒதுக்கிட்டு மாத்திடறேன்" என்றார். கதவை இழைத்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கட்டிலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு வழக்கம்போலத் தானாக நகர்ந்து வந்து சாத்திக்கொண்டது. பெரிதாகத் தொண்டையில் தண்ணீர் இறங்குவதுபோல எங்கோ அடியில் ஒரு சத்தம் கேட்டது. ஜன்னலைப் பார்த்தாள். கொடிக்கம்பம் இல்லை. சாய்ந்து விழுந்திருந்தால் கீழே கிடக்க வேண்டும். அங்கே கம்பமும் இல்லை, கீழே என்று சொல்ல ஒரு தரையும் இல்லை. வட்டமாக ஒரு குழி, அதன் ஓரத்திலிருந்து மண் பொலபொலவென்று உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். இவளுக்குக் கால் நிஜமாகவே ஓடாது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எப்படியோ கதவுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிடியை இழுத்தாள். அசையவில்லை. ஊன்றுகோலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தாள். சுவரை இழுப்பதும் ஒன்றுதான், அதை இழுப்பதும் ஒன்றுதான். மேலே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, கீழே நிலை கதவைக் கிடுக்கிபோலக் கவ்வியிருந்தது. ஜன்னலில் கம்பிகள். திருடன் உள்ளே வராமலிருக்கப் பதித்தது இப்போது யாரை எங்கே நிறுத்துகிறது பாருங்கள். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கத்தினாள். மதிய நேரம், எல்லா வீட்டிலும் மின்விசிறி ஓடுகிற நேரம். ஒருவரும் வரவில்லை. கணவருக்குப் போன் செய்தாள்.

அவர் ஊரின் அந்தக் கோடியில் புதுக் கட்டடம் ஒன்றில் நிலை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"குழி விழுந்துடுச்சு. கதவு மாட்டிக்கிச்சு. நான் உள்ள இருக்கேன்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது, ஓடுகிறார். யாரிடமோ தீயணைப்புக்குச் சொல்லுங்கள் என்று கத்தினார். வண்டியைக் கிளப்புவதற்கு முன் திரும்பப் போனில் வந்தார். "எந்த இடத்துல பிடிக்குது? மேலயா, கீழயா?"

"கீழ. தாழ்ப்பாள் பக்கம்."

போனில் வண்டிச் சாவி குலுங்குவது கேட்டது.

"கேளு. தாழ்ப்பாள் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கீழ கதவு முழுசா இல்ல. நிலை சாயச் சாய மேல பிடிச்சுது, கீழ இடைவெளி விழுந்துச்சு. அது உன் கண்ணுல படக்கூடாதுன்னு விளிம்புல ஒரு பட்டையை ஒட்டி, மரத்தூள் மக்கு வெச்சு, பெயின்ட் அடிச்சிட்டேன். நீ ரெண்டாவது கட்டுப் போடப் போயிருந்தப்ப. பசையும் ரெண்டு சின்ன ஆணியும்தான். அதைப் பேத்துட்டா கதவுக்கு விரல் அகலம் இடம் கிடைக்கும்."

அவள் கேட்டாள், "அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என்னை இந்த அறையில படுக்க வெச்சுட்டு..."

"தெரியும்மா. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லு. இப்ப கத்தியை எடு."

போனைத் தரையில் போட்டாள். காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு, கட்டுக்காலை நீட்டி, கதவடியில் உட்கார்ந்தாள். அவ்வளவு நாள் அந்தக் கதவையே பார்த்துக் கிடந்தும் அந்தப் பட்டை அவள் கண்ணில் பட்டதில்லை. அந்த மனிதர் வேலை அப்படி. தடவிப் பார்த்து, பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஓடிய இணைப்பைக் கண்டுபிடித்தாள். கத்தி முனையைச் செருகி, ஊன்றுகோலின் தலையால் அடித்தாள். மக்கு உதிர்ந்தது. வாய்க்கு வந்ததெல்லாம் அவரைத் திட்டினாள். தரையில் கிடந்த போன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு அடி. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் சுவர் முறுகுகிற சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று தெரிந்தது.

பட்டை நீளமாக ஒரு சிராயோடு பிய்ந்து வந்தது. கத்தியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள், கதவு அவள் பக்கமாக ஒரு தாவு தாவியது. அதைத் தோளால் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு வெளியே ஊர்ந்தாள். பலகைகளுக்கு நடுவே முன்னறையைக் கடந்து வாசல்படியில் விழுந்தபோது, பின்னறையின் வெளிச்சுவர் குழிக்குள் போனது. புழுதி அவள் தலைக்குமேல் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் தெரு எழுந்தது. பக்கத்து வீட்டுக் கண்டக்டர் மனைவி ஓடி வந்து அவளைத் தூக்கி, எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கணவர் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். வீட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். காலடியில் உட்கார்ந்து மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அவர் தலையில் கை வைக்கவில்லை. வைக்க மனமும் வரவில்லை. உயிரோடு இருக்கிறோம் என்பதே இன்னும் அவளுக்கு உறைக்கவில்லை.

"நல்லவேளை, எங்க பக்கம் ஒண்ணும் ஆகல" என்றாள் கண்டக்டர் மனைவி, நெஞ்சில் கை வைத்தபடி. "எங்க கதவும் நடுவுல பிடிச்சிட்டுத்தான் இருந்துச்சு. அண்ணன் வந்து இழைச்சுக் கொடுத்தாரு. இப்ப வெண்ணெய் மாதிரி சாத்துது."

ரேடியோ குனிந்து கணவரைப் பார்த்தாள். அவர் அழுகை நின்றிருந்தது.

"எத்தனை வீடு?" என்றாள்.

அவர் தெருவைப் பார்த்தார். ஒன்றோடொன்று முதுகும் தோளும் ஒட்டி நிற்கிற வீடுகள். எல்லாருக்கும் வாசலில் நல்ல கதவு.

"நம்ம வரிசை முழுக்க" என்றார். "கேட்டாங்க. மழையில மரம் உப்பியிருக்குன்னு சொன்னேன்."

தீயணைப்பு வண்டியின் மணி இன்னும் கேட்கவில்லை. கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டிருந்தார், மற்றவர்களும் புழுதிக்குப் பயந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன. அவர் போய்ச் சொன்னால் தெரு முழுக்கக் கேட்கும்: உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த பதிலை இப்போதுதான் போனில் ஒருத்தியிடம் சொல்லி முடித்திருக்கிறார். அவர் எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அவள் ஊன்றுகோலைத் தேடினாள். அது பின்னறையோடு போயிருந்தது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். "நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

அவர் போனார். கண்டக்டர் வீட்டுக் கதவைக் கையால் அறைந்தார்.

"வீட்டுல இருக்கிற எல்லாரும் வெளிய வாங்கண்ணே. எதையும் எடுக்க வேணாம்."

கண்டக்டர் கதவைத் திறந்தார். "என்னப்பா, குழி உன் வீட்டுக் கொல்லையிலதானே? எங்க சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கதவைப் பாரு, எப்படிச் சாத்துது."

"நான் சாத்த வெச்சேன். இழைச்சு, பட்டை அடிச்சு, பெயின்ட் பூசி. கதவுல கோளாறு இல்லண்ணே, கீழ மண்ணு போகுது. எனக்குத் தெரிஞ்சேதான் செஞ்சேன். வெளிய வாங்க."

கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவின் விளிம்பில், தாழ்ப்பாளுக்குக் கீழே, பெருவிரலால் மெதுவாகத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. உள்ளே திரும்பிப் பேரனைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் படியிறங்கியபோது அவர் கதவுக்காரரைத் திட்டிய திட்டு அந்தத் தெருவில் யாரும் அதுவரை கேட்காதது. கதவுக்காரர் அதை நின்று கேட்கவில்லை, அடுத்த வீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.